பூசைக்கு முன் ஃபார்மட் கிடையாது

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். தறிக்கூட முதலாளி நல்லதம்பி. அவருடைய அக்கா மகன் பிரவீன். என்ஜினீயரிங் முடித்துவிட்டு மாமாவிடம் தொழில் பழக வந்திருந்தவன். சேலைக்கு டிசைன் போடும் செலின், சூரமங்கலத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவர். தறி மேஸ்திரி ஆறுமுகம், கையில் வாளியும் துடைப்பமுமாக. ஐந்தாவது ஆள் நான். ஆறாவது ஆள் கிடையாது.

இதை முதலிலேயே எழுதி வைக்கக் காரணம் இருக்கிறது. எடப்பாடியில் ஓர் ஆயுத பூசை அன்று நடந்த அந்தக் கதையை, அங்கே இல்லாத பலர் பல விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கம்ப்யூட்டர் சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நான் அழுதேன் என்கிறார் ஒருவர். காலையிலிருந்து உட்கார்ந்து பொரியைத் தின்றுவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் காசு கேட்டேன் என்கிறார் இன்னொருவர். நம் சர்வீஸ்காரர்கள் கூட்டத்தில் புதிதாக வந்தவர்கள் சிலர் என்னைக் காட்டிச் சிரித்ததையும் பார்த்தேன். சிரியுங்கள். நடந்ததைத் தெரிந்துகொண்டு சிரியுங்கள், அவ்வளவுதான்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ரேடியோ ரிப்பேர், டிவி ரிப்பேர் என்று போய், சங்ககிரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து, கண் மங்கியதும் கடையை மூடினேன். இத்தனை வருடமும் பயந்துகொண்டேதான் வேலை பார்த்தேன். ஒரு திருகாணியைக் கழற்றினால் அது உருண்டு போய்விடுமோ என்று பயம். பிளக் சரியாக உட்கார்ந்ததா என்று இரண்டு தரம் பார்ப்பேன். வண்டியை எடுத்த பிறகு திரும்பி வந்து மூன்றாம் தரமும் பார்த்ததுண்டு. “நீ போயி பொட்டியத் தொடறதுக்குள்ள அடுத்தவன் நாலு பொட்டி முடிச்சுப்போடறான்” என்று என் மனைவி சொல்லாத நாள் கிடையாது. உண்மைதான். அந்த நாலில் எத்தனை பெட்டி திரும்பி வந்தது என்று அவளும் கேட்டதில்லை, அடுத்தவனும் சொன்னதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஓ.எஸ். என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதை உங்கள் வீட்டில் யாராவது எடுத்துப் படித்தால் அவர்களுக்காக ஒரு வரி: கரண்ட் போட்டதும் கம்ப்யூட்டருக்குள் முதலில் எழுந்து, மற்ற எல்லாவற்றையும் எழுப்பி வேலை வாங்குவது ஓ.எஸ். அது பழசாகிவிட்டால் புதுசு போட இரண்டு வழி. ஒன்று, இருப்பதை இருக்க விட்டு அதன் மேலேயே புதுசை ஏற்றுவது. மற்றது, முழுக்கத் துடைத்துவிட்டுப் புதுசு போடுவது. நாம் ஃபார்மட் அடிப்பது என்கிறோமே, அது. நம் ஊர் லாரிப் பட்டறையில் நின்றவர்களுக்கு எளிதாகப் புரியும். லோடை இறக்காமலே பாடியை மாற்றுவது முதல் வழி. லோடையும் இறக்கி, பாடியையும் கழற்றி, வெறும் சேசிஸிலிருந்து கட்டிக்கொண்டு வருவது இரண்டாவது.

நம் பக்கத்தில் எல்லோருக்கும் இரண்டாவதுதான் பிடிக்கும். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் ஃபார்மட். பிரிண்டர் வேலை செய்யாவிட்டால் ஃபார்மட். தொழில் சரியாகப் போகாவிட்டாலும் ஃபார்மட் அடிக்கச் சொல்கிற முதலாளிகள் இருக்கிறார்கள். அதிலும் ஆயுத பூசை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தறியைக் கழுவுகிறார்கள், லாரியைக் கழுவுகிறார்கள், போர்வெல் ரிக் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், தராசைத் துடைக்கிறார்கள். கடைசியில் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரைப் பார்க்கிறார்கள். வெளியே துடைத்தாயிற்று, உள்ளே? உடனே நமக்குப் போன் வரும். பூசைக்கு முந்தின வாரம் நம் ஆட்கள் அடிக்கிற ஃபார்மட் வருடம் முழுக்க அடிப்பதைவிட அதிகம். உலகத்தில் வேறு எங்கேயாவது சாமிக்காக ஹார்டு டிஸ்க்கைக் கழுவுவார்களா, எனக்குத் தெரியாது. இங்கே கழுவுவார்கள்.

நல்லதம்பி போன் செய்ததும் அதற்குத்தான். வேறு ஆள் யாரும் கிடைக்காமல், ஆயுத பூசை அன்று காலையில் என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது தறிக்கூடமே ஈரமாக இருந்தது. தறிகள் நின்று, பஞ்சுத் தூசியெல்லாம் போய், கண்ணுக்குப் புதுசாகத் தெரிந்தன. அவற்றை ஒட்டி ஒரு சின்ன அறை. அதுதான் டிசைன் அறை.

“வாங்க வாங்க. தறி கழுவியாச்சு, வண்டி கழுவியாச்சு, இந்தப் பொட்டி ஒண்ணுதான் பாக்கிங்க. ஃபார்மட் அடிச்சுச் சுத்தமா வெச்சுருங்க. அழுக்கோட சாமி முன்னால வெக்கக் கூடாது பாருங்க” என்றார் நல்லதம்பி.

“உள்ள என்னென்ன இருக்குதுன்னு பாக்கோணுங்க” என்றேன்.

“என்னத்த இருக்கும்? டிசைன் இருக்கும். பென்டிரைவுல ஏத்திக்கிட்டுத் தொடைச்சு விடுங்க. ராகு காலத்துக்கு முன்னால பூசை. நாளைக்கு விஜயதசமி. மொத வேலையா இதுலதான் ஜி.எஸ்.டி. கணக்கு ஏத்தோணும்.”

பிரவீன் விஷயத்தை ஒழுங்காகச் சொன்னான். “அண்ணா, இதுல இருக்கற ஓ.எஸ். ரொம்பப் பழசு. பிரவுசர் ஓடறதில்ல. ஜி.எஸ்.டி. பக்கம் தொறக்கவே மாட்டேங்குது. என்ற லேப்டாப்புல போட்டுத் தாரேன்னா, தொழில் கணக்கத் தொழில் பொட்டியிலதான் போடோணும்கறாரு மாமா. டிசைன் பைல் பூராவும் நான் காப்பி எடுத்துட்டேன். மேல ஏத்துனா பழைய குப்பை அத்தனையும் கூடவே வரும். தொடைச்சுட்டுப் புதுசாப் போட்டுரலாம்.”

அவன் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நான் ஃபார்மட்டுக்கு எதிரி என்று ஒரு பேச்சு இருக்கிறது. மோகனூரில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஊரில் உள்ள அத்தனை பென்டிரைவும் ஏறி இறங்குகிற கம்ப்யூட்டர். வைரஸ் புகுந்து, எந்தப் படத்தைத் திறந்தாலும் வேறு எதுவோ திறந்தது. அந்தக் கடைக்கார அம்மா, மேலேயே புதுசு ஏற்றிவிடுங்கள், எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று கெஞ்சினார். நான் கேட்கவில்லை. மேலே ஏற்றினால் புது வீட்டுக்குப் பழைய கரையானும் சேர்ந்தே குடி வரும் என்று சொல்லி, அவர் கண் முன்னாலேயே துடைத்துப் போட்டேன். அங்கே அதுதான் சரி. வழி இரண்டும் நல்ல வழிதான். எந்தப் பெட்டிக்கு எது என்பதில்தான் நம் சம்பளம் இருக்கிறது.

எந்தப் பெட்டியைத் தொடுவதற்கு முன்னும் நான் ஒரு கேள்வி கேட்பேன். முதலாளியிடம் கேட்க மாட்டேன். தினமும் அந்த நாற்காலியில் உட்காருகிறவரிடம் கேட்பேன். செலினிடம் கேட்டேன்.

“ஏம்மா, இந்தப் பொட்டியில எது போனா உங்களுக்குச் சோறு எறங்காது?”

செலின் யோசிக்கவே இல்லை. “டிசைன் பைல் போனாக்கூடப் பரவால்லண்ணா, மறுபடி வரைஞ்சுக்குவேன். டிசைன் சாஃப்ட்வேர் போச்சுன்னா நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

“சி.டி. இருக்குதா?”

“இல்லண்ணா. கோயமுத்தூர்ல இருந்து வந்தவங்க போட்டுக் குடுத்தாங்க. போட்டுட்டு, போன்ல ஒரு நம்பர் வாங்கி அடிச்சாங்க, அப்பறந்தான் தொறந்துச்சு. அந்தக் கம்பெனி இப்ப இல்ல. அந்தப் போன் நம்பருக்கு அடிச்சா, ஹாலோ பிளாக் எத்தனை லோடு வேணும்னு கேக்கறாங்க.”

ஆறுமுகம் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். 

சேலையில் பூ விழ வேண்டுமானால், எந்த நேரத்தில் எந்த இழை எழும்ப வேண்டும் என்று தறியின் மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டிக்குச் சொல்ல வேண்டும். செலின் கம்ப்யூட்டரில் வரைவதை அந்தப் பெட்டிக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது அந்த சாஃப்ட்வேர் ஒன்றுதான். அந்தக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த அனுமதி அந்தக் கம்ப்யூட்டருக்குள், அந்தப் பழைய ஓ.எஸ்.சுக்குள் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தது. துடைத்தால் அதுவும் போகும். மறுபடி கேட்டு வாங்க ஆளில்லை. பிரவீன் எடுத்து வைத்த காப்பியில் டிசைன் எல்லாம் பத்திரமாக இருக்கும், திறக்கத்தான் முடியாது. தீபாவளிக்குப் போக வேண்டிய சேலைகளின் முந்தானை பாதி வரைந்து நின்றிருந்தது.

இதை நல்லதம்பியிடம் சொன்னேன். அவர் அசரவில்லை.

“போனாப் போவுது விடுங்க. சூரத்துல இருந்து மெயில்லயே டிசைன் வருதாம். வெளிய குடுத்து வாங்கிக்கலாம். மாசச் சம்பளமும் மிச்சம்” என்றார். சொன்ன பிறகுதான் செலின் அங்கே நிற்பது அவருக்கு உறைத்தது போல. “அதுக்கில்ல தாயி, ஒரு பேச்சுக்குச் சொல்றேன்” என்றார்.

செலின் மேஜை மேல் இருந்த கலர் பென்சில்களை எடுத்து டப்பாவில் அடுக்க ஆரம்பித்தார். பூசைக்கு மேஜையை ஒழுங்கு செய்கிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

“அரை நாள் குடுங்க. டிஸ்க் முழுசையும் அப்படியே இன்னொண்ணுல பிரதி எடுத்து வெச்சுக்கறேன். அப்பறம் எதை வேணாலும் பண்ணலாம்” என்று கேட்டேன்.

“அரை நாளா? ராகு காலம் வந்துரும் சாமி.”

“அப்ப இன்னைக்கு விட்டுருங்க. இப்படியே பூசையில வைங்க.”

“நாளைக்கு ஜி.எஸ்.டி.?”

“ஃபார்மட் மட்டும் நான் அடிக்க மாட்டனுங்க.”

“நீங்க அடிக்கலீன்னா என்ற மாப்பிள்ளை அடிப்பான். நீங்க எதுக்குங்க அதுக்கு?”

இதுதான் அந்த இடம். இங்கேதான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். கை சுத்தமாக இருக்கட்டும் என்று நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். எழுந்து போயிருந்தால் அடுத்த நிமிடம் ஃபார்மட் நடந்திருக்கும். என் பெயர் கெட்டிருக்காது. செலினின் வேலை போயிருக்கும். பிரதி இல்லாமல் எதையும் தொடாதே என்பது நல்ல விதி. நான் தொடாவிட்டால் அதைவிட மோசமாக ஒன்று நடக்கும் என்றால் அந்த விதியைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது?

யோசித்தேன். மேலே ஏற்றும்போது ஏதாவது இடறினால், பெரும்பாலும் அதுவே பழைய நிலைக்குத் திரும்பிப் போகப் பார்க்கும். பழைய ஓ.எஸ்.சை ஒரு மூலையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் புதுசை இறக்கும். கட்டாயம் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஆனால் திரும்ப ஒரு கதவு இருக்கிறது. ஃபார்மட்டில் அந்தக் கதவே கிடையாது. எனக்கு அவ்வளவுதான் தெரியும். அதற்கு மேல் தெரிந்த மாதிரி நான் காட்டிக்கொள்ளவும் இல்லை.

“மேல ஏத்திப் பாக்கறேனுங்க. ஆயிரத்தைந்நூறு ஆகும்” என்றேன்.

“ஃபார்மட்டுக்கு எல்லாரும் ஐந்நூறுதான வாங்கறாங்க?”

“அது தொடைக்கற கூலிங்க. இது தொடைக்காம வெக்கற கூலி.”

நல்லதம்பி பிரவீனைப் பார்த்தார். பிரவீன் தோளைக் குலுக்கினான். “சரி, ஆவுட்டும்” என்றார். அந்த வார்த்தையை ஐந்து பேரும் கேட்டோம். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்ற ஆரம்பித்தேன். முதலில் எல்லாம் ஒழுங்காகவே போனது. கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது, மறுபடி அணைந்து எழுந்தது. இதற்கிடையில் ஆறுமுகம் அறைக்குள் தண்ணீர் விட்டுக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

“ஏனுங்க மேஸ்திரி, இந்தப் பக்கம் தண்ணி வேண்டாங்க” என்று கத்தினேன். யு.பி.எஸ். தரையில் இருந்தது.

“ஏனுங்ணா, கம்ப்யூட்டருக்குச் சளி புடிச்சுக்குமா?”

“எனக்குப் புடிச்சுக்குமுங்க.”

யு.பி.எஸ்.சைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்தேன். ஒயர் பின்னால் இழுபட்டிருக்குமோ என்று குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த எண் நகரவில்லை. போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிற நேரம் ஆயிற்று. நகரவில்லை. இன்னொரு டீ நேரம். அதே எண்.

பிரவீன் குனிந்து பார்த்தான். “ஹேங் ஆயிருச்சுண்ணா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாக்கலாம்.”

அவன் வயதில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நானும் மற்ற நாளில் அதைத்தான் செய்வேன். ஆனால் பெட்டியின் முகப்பில் ஒரு பொட்டு விளக்கு உண்டு, உங்களுக்குத் தெரியும். அது விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. காதைப் பெட்டியில் வைத்தேன். டிஸ்க் உள்ளே கரகரவென்று ஓடி, நின்று, மறுபடி ஓடியது. செத்துப்போன பெட்டி அப்படிச் சத்தம் போடாது. திரை நின்றுவிட்டது, வேலை நிற்கவில்லை.

“ஓடிட்டிருக்குது. தொடாதீங்க” என்றேன்.

அப்போதுதான் நல்லதம்பி வேட்டி மாற்றிக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். “ஆச்சுங்களா? பொட்டியக் கழட்டித் தூக்கிட்டு வாங்க. எல்லாத்தையும் வரிசையா வெச்சாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி.”

உங்களில் சிலர் டவுனில் வளர்ந்தவர்களாக இருக்கலாம், அதனால் சொல்கிறேன். பூசையில் எல்லாக் கருவியையும் சாமி முன்னால் கொண்டுபோய் வைப்பார்கள். ஸ்பானர், கத்தரிக்கோல், தறி நாடா, கணக்கு நோட்டு எல்லாம். சந்தனப் பொட்டு வைத்தபின் மறுநாள் வரை யாரும் எடுக்கக் கூடாது. நல்லதம்பிக்குக் கம்ப்யூட்டரும் ஒரு கருவி. அதைப் பிளக்கைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டுபோய் வரிசையில் வைக்க வேண்டும்.

“இப்ப அணைக்க முடியாதுங்க. பாதியில நிக்குது. அணைச்சா பழசும் இருக்காது, புதுசும் இருக்காது.”

“எப்ப முடியும்?”

“தெரியலீங்க.”

“தெரியாதா? ராகு காலம் வரப்போகுது. எந்திரிங்க.”

நான் எழுந்திரிக்கவில்லை. ஒரு கையைப் பெட்டியின் சுவிட்ச் மேல் வைத்துக்கொண்டேன், யாரும் அமுக்காதபடி. இன்னொரு கையால் பிளக்கைப் பிடித்துக்கொண்டேன்.  கண்ணில் தண்ணீர் வந்தது என்று கதை சொல்கிறார்களே, அது சாம்பிராணிப் புகை. பக்கத்து அறையில் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

நல்லதம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ற பொட்டி. என்ற கரண்டு. நீங்க யாருங்க வேண்டாங்கறதுக்கு?”

“பொட்டி உங்களுதுங்க. இதுல பாதியில நிக்கற வேலை என்னுது. அது முடியட்டும், அப்பறம் நீங்க கெணத்துல வேணாலும் போடுங்க.”

அப்படி ஒரு வார்த்தையை வாடிக்கையாளரிடம் நான் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. பயந்தவனுக்கு ஒரு வசதி உண்டு. பெரிய பயம் வந்தால் சின்னப் பயங்களெல்லாம் ஒதுங்கி வழி விட்டுவிடும். அந்த நேரத்தில் எனக்கு முதலாளி பெரிய பயமில்லை. அந்தப் பொட்டு விளக்கு அணைந்துவிடுமோ என்பதுதான்.

 ஆறுமுகம் தொண்டையைக் கனைத்தார்.

“மொதலாளி, ஒண்ணு சொல்லட்டுங்களா? பொட்டி சாமிகிட்ட வரலீன்னா, சாமி பொட்டிகிட்ட வரட்டுமுங்க. ஊருக்குள்ள நடக்க முடியாதவங்க ஊட்டு வாசல்ல தேரு நிக்கறதில்லீங்களா?”

பிரவீன் வாயைப் பொத்திக்கொண்டான். நல்லதம்பி ஆறுமுகத்தை முறைத்தார், என்னை முறைத்தார், சுவரில் இருந்த காலண்டரை முறைத்தார். பிறகு போய், அங்கே பூசையை முடித்து, கற்பூரத் தட்டோடு டிசைன் அறைக்கே வந்தார். செலின் மேஜை மேல் இருந்த பேப்பரையெல்லாம் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். ஓடிக்கொண்டிருந்த பெட்டிக்கு நல்லதம்பி சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். சொம்பிலிருந்து தண்ணீர் தெளிக்கப் போனார். பிளக்கைப் பிடித்திருந்த கையை எடுத்துக் குறுக்கே நீட்டினேன்.

“பூ மட்டும் போடுங்க, போதுமுங்க.”

தண்ணீர் முழுக்க என் கையில்தான் விழுந்தது. கற்பூரத்தைச் சுற்றினார். அந்தச் சமயத்தில் திரை கறுத்தது. என் உயிர் போய் வந்தது. மறுபடி ஒளி வந்து, இங்கிலீஷில் ஒரு வரி தெரிந்தது. நான் எழுத்துக்கூட்டுவதற்குள் பிரவீன் படித்துவிட்டான்.

“அண்ணா, புதுசு ஏறல. பழைய ஓ.எஸ்.சத் திருப்பிக் கொண்டாருதாம். அணைக்காதீங்கன்னு போட்டிருக்குது.”

“ஏறலியா?” என்று நல்லதம்பி தட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். பிரவீன் சட்டென்று பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றான். “மாமா, இப்பத் தொடாதீங்க. திரும்பி வந்துட்டிருக்குது. இப்ப அணைச்சா நெசமாவே போயிரும்.”

அவன் நின்ற அந்த நிமிடத்தில்தான் நான் மூச்சு விட்டேன். அதுவரை நான் ஒருவன்தான் காவல். அதன்பிறகு இரண்டு பேர். அந்தப் பையன் நல்ல சர்வீஸ்காரனாக வந்திருப்பான். தறி அவனை எடுத்துக்கொண்டது.

ராகு காலம் வந்தது, பாதி போனது. பழைய திரை வந்தது. காலையில் நான் வந்தபோது இருந்த அதே படம், அதே வரிசை. செலின் பேப்பர்களை நாற்காலியில் போட்டுவிட்டு வந்து, டிசைன் சாஃப்ட்வேரை அமுக்கினார். திறக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பாதியில் நின்ற முந்தானை அப்படியே வந்து நின்றது. “இருக்குதுண்ணா” என்றார்.  டப்பாவில் அடுக்கிய பென்சில்களை எடுத்து மறுபடி மேஜை மேல் பரப்பினார்.

புதுசு ஏன் ஏறவில்லை? செலின் வைத்திருந்த பழைய ஸ்கேனரை ஓட்டுகிற டிரைவர் சாஃப்ட்வேர் இடறியிருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம்தான். நிச்சயமாகத் தெரியாததைத் தெரியும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள்.

நல்லதம்பி திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப என்னங்க மாறிச்சு?”

“ஒண்ணும் மாறலீங்க.”

“ஒண்ணும் மாறலீன்னா அப்பறம் எதுக்குங்க ஆயிரத்தைந்நூறு?”

“ஒண்ணும் மாறாததுக்குத்தானுங்க.”

அவர் மடியிலிருந்து முந்நூறு ரூபாயை எடுத்து, பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார். கூடவே ஒரு கவரில் பொரி, கடலை, வாழைப்பழம். வாங்கிக்கொண்டேன். பூசைப் பொரியை மறுக்கக் கூடாது. வண்டியை நிறுத்தி வழியில் தின்றேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். பொரி கூலியில் சேராது.

விஜயதசமி அன்று பிரவீன் தன் லேப்டாப்பிலேயே ஜி.எஸ்.டி. கணக்கை ஏற்றிவிட்டான், தொழில் ஒன்றும் முங்கிப்போகவில்லை. அடுத்த வாரம் அவனே எனக்குப் போன் செய்தான். “அண்ணா, அந்தப் பொட்டிக்கு நெட்டைப் பிடுங்கிட்டு, டிசைனுக்கு மட்டும் வெச்சுக்கலாம்னு மாமாகிட்டப் பேசிட்டேன். கணக்குக்கு வேற புதுசு வாங்கறோம். வந்து டிஸ்க்கைப் பிரதி எடுத்துக் குடுங்க.” எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டிய யோசனை. போய் அரை நாள் உட்கார்ந்து பிரதி எடுத்துக் கொடுத்தேன். அதற்கான கூலியை அன்றே கொடுத்துவிட்டான். அது வேறு வேலை, வேறு கணக்கு. தீபாவளிச் சேலைகள் போய்ச் சேர்ந்தன. செலின் இன்றும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறார். நெட் இல்லாத அந்தப் பழைய பெட்டி இன்றும் ஓடுகிறது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? ஃபார்மட் அடித்தால் வாடிக்கையாளர் கண்ணுக்குப் பளிச்சென்று ஒரு புதுத் திரை தெரியும். காசைக் கையில் வைத்துவிட்டுப் போவார். காப்பாற்றினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பழையது பழையபடியே இருக்கும். உங்களை வேலை தெரியாதவர் என்பார்கள், பயந்தாங்கொள்ளி என்பார்கள். என்னைச் சொன்ன மாதிரி. சொல்லட்டும். நான் பயந்தேன், அதனால்தான் கேட்டேன். கேட்டதனால்தான் தெரிந்தது. பயமில்லாத ஆட்கள் அந்த வாரம் நம் வட்டாரத்தில் எத்தனை டிஸ்க்கைத் துடைத்தார்கள், எத்தனை பேர் பூசை முடிந்து தலையில் கை வைத்தார்கள் என்று அந்த ஆட்களிடம் போய்க் கேளுங்கள். என்னிடம் சிரித்தது போதும்.

பின்னால் ஒரு நாள் செலின் கடைக்கு வந்தார். கைப்பையைத் திறந்தார். “மீதியை நான் குடுத்துடறேண்ணா. என் வேலைக்காகத்தானே சண்டை போட்டீங்க” என்றார்.

“உள்ள வைங்க” என்றேன். “சரின்னு சொன்னது நீங்க இல்ல. சொன்னவர்தான் குடுக்கோணும்.”

நல்லதம்பியை இப்போதும் எப்போதாவது பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறேன். கை காட்டுவார், ஊட்டுல எல்லாருஞ் சௌக்கியமா என்பார், டீ வாங்கித் தருவார். நல்ல மனிதர்தான். ஒவ்வொரு தரமும் நான் கேட்பேன். ஒவ்வொரு தரமும், “ஒண்ணுந்தான் மாறலியேங்க” என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன், ஆனால் விட்டுக்கொடுத்ததாக இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடையை மூடியபோது மற்ற பாக்கிகளையெல்லாம் அழித்துவிட்டேன். இதை அழிக்கவில்லை, அழிக்கப்போவதும் இல்லை. ஐந்து பேர் கேட்க ஒத்துக்கொண்ட ஆயிரத்தைந்நூறில், பெட்ரோலுக்குத் தந்த முந்நூறு போக, நல்லதம்பி எனக்குத் தர வேண்டிய பாக்கி ஆயிரத்து இருநூறு ரூபாய்.